ராணியம்மாவின் பங்கு

நவம்பர் மாதம் பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலை முதலே வானம் மூட்டம் போட்டிருந்தது. மழை வருவதாகவும் இல்லை, வெயில் அடிப்பதாகவும் இல்லை.

சமையற்கட்டில் ராணியம்மாவுக்குச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. துண்டு பெரிதாக இருந்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்பதால், கரண்டியக்கா ஒவ்வொரு டர்னிப் கிழங்கையும் தோல் சீவிப் பொடியாக நறுக்கினாள். ராணியம்மா கோபக்காரி, நேரம் தவறினால் பாத்திரத்தையே உதைத்துத் தள்ளிவிடுவாள்.

"ஆச்சா அக்கா? அவ கயித்தை அறுத்துக்கிட்டு நிக்கிறா" என்றபடி கறவைக்காரர் கூடையோடு வந்தார்.

ராணியம்மா என்பது முதலாளியின் பண்ணையில் தனிக் கொட்டில் பெற்ற ஒரே பசு.

"கறந்தாச்சா?" என்று கேட்டாள் கரண்டியக்கா. கறப்பதற்கு முன் டர்னிப் தின்றால் பாலில் அதன் வாடை ஏறிவிடும் என்பதால், கறந்த பிறகே அவளுக்குக் கிழங்கு.

"கறந்தாச்சு. மாட்டு டாக்டர் அளக்கிறாரு. முதலாளி பக்கத்துல நிக்கிறாரு பாரு, பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூட அப்படி நின்னிருக்க மாட்டாரு."

கரண்டியக்கா சிரிக்கவில்லை. கூடையில் கிழங்கே தெரியாதபடி தவிட்டை அள்ளி மேலே தூவினாள். பிறகு பண்ணை ஆட்களுக்காகக் கிழங்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில், வழக்கம்போல் மஞ்சள்தூளைத் தாராளமாகப் போட்டுக் கிளறினாள்.

பண்ணையில் இரு வகை டர்னிப் விளைந்தது. வீட்டை ஒட்டிய தோட்டத்தில் சாப்பாட்டுக் கிழங்கு: கைக்கு அடக்கமானது, உள்ளும் புறமும் வெள்ளை, வெண்ணெயாக வேகும். மேட்டு வயலில் மாட்டுக் கிழங்கு: தலைப் பருமன், உள்ளே மஞ்சள், நாரும் கசப்புமாக இருக்கும்.

பருவம் தொடங்கியபோது முதலாளி ஒரு புதுச் சட்டம் போட்டார். ராணியம்மா பரிசு வாங்க வேண்டிய பசு. ஆகவே வெள்ளைக் கிழங்கு அவளுக்கு. மஞ்சள் கிழங்கு ஆட்களுக்கு.

"மாடு திங்கறதை மனுஷனுக்கு எப்படிப் போடறது முதலாளி?" என்று அன்றே கேட்டாள் கரண்டியக்கா.

"வேக வெச்சா எல்லாம் ஒண்ணுதாம்மா. உனக்குப் போட மனசில்லேன்னா சொல்லு, கரண்டி பிடிக்க வேற ஆள் வரும்."

அவள் இரண்டு கிழங்குச் சாக்குகளையும் உள்ளே இழுத்துப் போட்டு, கத்தியை எடுத்தாள். அதைப் பணிவு என்று முதலாளி எண்ணிக்கொண்டார்.

நேற்று மாலை அவர் வாசலில் நின்று இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நாளைக்கு அளவுல பால் குறைஞ்சிருந்தா, தீனி வெட்டற நீதான் பொறுப்பு. அப்புறம் இங்க உனக்கு வேலை இல்லை."

கரண்டியக்கா இரவே துணிமூட்டையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். போகச் சொன்னால் போவது. காலில் விழுவது என்பது மட்டும் கிடையாது.

ஆட்கள் தட்டோடு வரிசையில் நின்றபோது வாசலில் முதலாளியின் குரல் கேட்டது. பின்னால் மாட்டு டாக்டர் வந்தார். முதலாளி நேரே அண்டாவிடம் போய் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் மஞ்சளாக இருந்தது.

"தின்றாங்களா?"

"ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றாங்க."

"பார்த்தியா. என்னமோ மாட்டுக் கிழங்குன்னு அன்னைக்கு மூஞ்சியைத் தூக்கினே. நாக்குதானே, பழக்கினா பழகிடும்."

வரிசையில் ஒருவருக்கு இருமல் வந்தது. அடுத்தவர் தட்டால் வாயை மறைத்துக்கொண்டார். கரண்டியக்காவின் பார்வை கதவுப் பக்கம் ஒரு முறை சென்று மீண்டது.

"பால் எப்படி டாக்டர்?" என்று அவளே கேட்டாள். அடி விழுவதானால் சீக்கிரம் விழட்டும் என்றிருந்தது.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "போன பருவத்தைவிட ரொம்பக் கூடியிருக்கும்மா. கொழுப்பும் ஏறியிருக்கு. எந்தப் பண்ணையிலயும் நான் இப்படிப் பார்த்ததில்லை."

 கரண்டியக்கா இதை எதிர்பார்த்திருக்கவில்லை.

"எல்லாம் தீனிதான்" என்றார் முதலாளி, ஆட்களைப் பார்த்து மார்பை நிமிர்த்தி. "நான் போட்ட திட்டம். எது யாருக்குப் போகணும்னு தெரியணும்."

"தீனியை மட்டும் மாத்திடாதீங்க" என்றார் டாக்டர். "மாத்தினா பால் இறங்கிடும்."

"மாத்துவேனா? உங்க முன்னாடியே சொல்றேன் டாக்டர், இத்தனை பேர் சாட்சி. அவ இதுவரைக்கும் எதைத் தின்னாளோ, இனிமேலும் அதைத்தான் தின்னுவா. இவங்களும் எதைத் தின்னாங்களோ, அதேதான். எவன் வந்து கேட்டாலும் இந்தப் பேச்சு மாறாது."

"நிச்சயமா, முதலாளி?"

"ஒரு தடவை சொன்னா சொன்னதுதாம்மா."

கரண்டியக்கா கதவுக்குப் பின்னால் இருந்த மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். அண்டாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, குழம்பு சொட்டச் சொட்டத் தண்ணீரில் அலசி, இரண்டாகப் பிட்டு, உள்ளே பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்த அதை முதலாளியின் உள்ளங்கையில் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் அப்போது காலை பத்து மணி இருபது நிமிடம்.

"முதல் நாள்லேர்ந்தே மாட்டுக் கிழங்கை மாட்டுக்குத்தான் போட்டேன், முதலாளி."