எல்லாருக்கும் வந்துடுச்சு

"எங்க வம்சத்துல மூளை இல்லாம ஒருத்தர்கூடப் பிறந்தது கிடையாது, தெரியுமா?"

பள்ளிக்கூட வாசலில் இருந்த காவலாளி திகைத்துப் போனார். "எனக்கெப்படிங்க ஐயா தெரியும்? நான் போன மாசம்தானே வேலைக்குச் சேர்ந்தேன்?"

சட்டை மடிப்புக் கலையாமல் விறைப்பாக நின்ற தாத்தா, ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர். எத்தனையோ ஓட்டல் முதலாளிகளை ஒரே பார்வையில் நடுங்க வைத்தவர். அவரையே நேற்றுச் சாயங்காலம் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஆட்டம் காண வைத்துவிட்டாள். எதையும் இழுத்து இழுத்தே பேசுவதால் வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு 'இழுவை' என்று பெயர்.

"தாஆஆத்தா, விவசாய டீச்சர் சொன்னாங்க. எல்லாருக்கும் மூளை வந்துடுச்சாம். எனக்கு மட்டும்தான் வரலையாம்."

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அடுப்படியில் இருந்த மருமகள், "எங்கப்பா வீட்டுப் பக்கம் யாருக்கும் அந்தக் குறை கிடையாது மாமா" என்று ஒரு வார்த்தையை விட்டாள். அது முள்ளாகத் தைத்தது. "அந்த டீச்சரை மன்னிப்புக் கேட்க வைக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்!" என்று சவால் விட்டுவிட்டார். இனிப் பேரைக் காப்பாற்றியாக வேண்டும்.

தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மண்புழுவைச் சூழ்ந்திருந்தார்கள்.

"டீச்சர், இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

"அது எந்தப் பக்கம் போகுதோ, அந்தப் பக்கம்."

"அது ரிவர்ஸ்ல போனா?"

முழங்கை வரை சேறு பூசிய இளம்பெண் சிரித்துக்கொண்டே எழுந்தாள். பள்ளி பள்ளியாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லித் தருபவள்.

"வாங்க ஐயா. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி தரட்டுங்களா?"

"பச்சைத் தண்ணியா? காய்ச்சாத தண்ணி ஒரு சொட்டு எங்க வீட்ல புழங்காது. அதை விடும்மா. நான் இழுவையோட தாத்தா. எங்க பிள்ளைக்கு... அது வரலைன்னு சொன்னியாமே?" அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்ல அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"ஆமாங்க ஐயா, சொன்னேன்" என்றாள் அவள் சாதாரணமாக. "மத்த எல்லாருக்கும் வந்துடுச்சு. நல்லா விரல் நீளத்துக்கு."

தாத்தா தன் விரலைப் பார்த்துக்கொண்டார். "விரல் நீளத்துக்கா?"

"சிலருக்குக் கொஞ்சம் லேட்டாகும். ஈரத்துணியில சுத்தி இருட்டுல வெச்சா வந்துடும்."

"இருட்டுலயா!"

"ஆமாங்க. அப்பவும் வரலைன்னா உள்ளேயே அழுகிப் போச்சுன்னு அர்த்தம். தோண்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"தோண்டறதா!" தாத்தாவின் குரலில் மதில்மேல் இருந்த காகம் பறந்தது. "எங்கப்பா மனக்கணக்குல புலி. என் பையன் எஞ்சினீயர். அந்த வம்சத்துப் பிள்ளையோட மண்டையைத் தோண்டுவியா? இத்தனை பேர் முன்னாடி மன்னிப்புக் கேளும்மா. இல்லேன்னா தலைமையாசிரியைகிட்டப் போய் இந்த மண் விளையாட்டையே இழுத்து மூட வெச்சுடுவேன்!"

அவள் முகம் வெளுத்தது. நடைபாதையெல்லாம் சேறு என்று தலைமையாசிரியை ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு புகார் போதும், வகுப்புக்கு மூடுவிழா.

"மண்டையா? எந்த மண்டை ஐயா..." சட்டென்று நிறுத்தினாள். வந்த சிரிப்பைச் சேற்றுக் கையால் பொத்திக்கொண்டாள். மீசை முளைத்தது மாதிரி ஆயிற்று. சுவரோரம் வரிசையாக இருந்த பெயின்ட் டப்பாக்களைக் காட்டினாள். எல்லாவற்றிலும் பச்சைத் தலைகள். பேத்தியின் பெயர் ஒட்டிய டப்பா மட்டும் மொட்டை.

"வரலைன்னு நான் சொன்னது மூளை இல்லீங்க ஐயா, முளை! அவரை விதையோட முளை. உங்க பேத்தி கொஞ்சம் இழுத்துட்டா."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தாத்தாவின் காது சிவந்தது; முதுகு மட்டும் வளையவில்லை. வெறுங்கையோடு மருமகள் முகத்தில் எப்படி விழிப்பது?

"சரி, அப்ப எங்க வீட்டு விதை மட்டும் ஏன் முளைக்கலை? சொத்தை விதையாப் பார்த்துக் கொடுத்திருக்கே. அதுக்காவது மன்னிப்புக் கேளு!"

"எல்லாருக்கும் ஒரே பையிலிருந்துதாங்க கொடுத்தேன். அவங்கவங்க வீட்ல வெச்சு வளர்த்து, நேத்துத்தான் கொண்டு வந்தாங்க. இருங்க, பார்த்துடலாம்."

மண்ணைக் கிளறி விதையை எடுத்தாள். இரண்டு விரலால் அழுத்தினாள். மாவாகக் குழைந்தது. மோந்து பார்த்தவளின் புருவம் உயர்ந்தது.

"ஐயா, இது சொத்தையும் இல்லை, அழுகவும் இல்லை. வெந்திருக்கு!"

"வெந்திருக்கா?"

"தினமும் தாஆஆத்தாதான் டீச்சர் தண்ணி ஊத்துவாங்க" என்று பெருமையாக முன்னால் வந்தாள் இழுவை. "கொதிக்கக் கொதிக்க! கிருமியெல்லாம் செத்துடுமாம்."

தாத்தா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துத் தொட்டி மறைவுக்குக் கூட்டிப்போய், அதுவரை வளையாத முதுகை வளைத்து, அவள் காதோரம் கெஞ்சினார்: "கண்ணு, அம்மா கேட்டா டீச்சர் மன்னிப்புக் கேட்டுட்டாங்கன்னு சொல்லிடு, என்ன?"

"சரி தாஆஆத்தா" என்று தலையாட்டிய இழுவை, கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ஆனா, மூளை யாருக்கு வரலைன்னு அம்மா கேட்டா என்ன சொல்லட்டும்?"