நாரை இறங்கிய திட்டு

"தந்திக் கம்பியை அறுத்த பய அந்தத் திட்டுலதான் ஒளிஞ்சிருக்கான்னு தகவல் வாத்தியாரே" என்றார் இன்ஸ்பெக்டர் வேலாயுதம்.

மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் எஸ்றா, காயல் நடுவே புதர் மண்டிக் கிடந்த அந்தத் திட்டைப் பார்த்தார். நாற்பத்திரண்டு ஆகஸ்டுக்குப் பிறகு தருவைகுளம் பக்கமெல்லாம் இதே தேடுதல்தான். பறவை பார்க்கும் கிறுக்கு இருவருக்கும் உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் இன்ஸ்பெக்டர் அவரையும் காயல் கரைக்குக் கூட்டி வந்திருந்தார்.

"படகு எதுக்கு? ஆள் இருந்தா அங்கன நாரை இறங்காது. பாத்துருவோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். வட்டமடித்த நாரைகள் ஒவ்வொன்றாகத் திட்டில் இறங்கி, புதருக்குள்ளேயே நின்று இறகு கோதின.

"ஒருத்தனும் இல்ல! எவனோ பொய் சொல்லியிருக்கான்."

வாத்தியாரின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன வாத்தியாரே, வெயில் ஒத்துக்கலையா? வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு, போலீஸ்காரர்களோடு வண்டியேறினார் இன்ஸ்பெக்டர்.

வண்டி மறைந்ததுதான் தாமதம், வாத்தியார் வேட்டியோடு தண்ணீரில் பாய்ந்தார். காய்ச்சலில் அனத்திய மகனை நேற்று அந்தப் புதருக்குள் படுக்கவைத்து வந்தவரே அவர்தான்.

"ஏலே மக்கா!" என்று கத்திக்கொண்டே திட்டில் ஏறினார்.

நாரைகளெல்லாம் எழுந்து பறந்தன. மகன் எழவில்லை.