மூன்றாவது பாட்டில்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக் கணக்கு உதைத்தது. வீட்டுச் சோடா மெஷினில் ஒரு பாட்டில் போட்டால் சிலிண்டரில் பத்து கிராம் வாயு குறையும். அவரும் மனைவியும் மாலையில் ஆளுக்கு ஒரு பாட்டில்தான் போடுகிறார்கள். காலையில் நிறுத்துப் பார்த்தால் முப்பது கிராம் குறைந்திருக்கிறது.

கசிவென்றால் விளையாட்டில்லை. இந்தக் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். கைக்குழந்தை படுப்பதும் தரையில்தான். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. அன்று இரவு சிலிண்டரைக் கழற்றி எடை பார்த்து, டூல்ஸ் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தார். காலையில் பூட்டு அப்படியே இருந்தது. சிலிண்டரில் பத்து கிராம் குறைந்திருந்தது.

“லீக்குன்னா ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இது எப்படி டாண்ணு பத்து?”

“யாரோ அளந்துதான் குடிக்கிறாங்க. பேசாம அவங்களுக்கும் ஒண்ணு போட்டு வைங்க,” என்றாள் மனைவி.

“உனக்கு எல்லாமே சிரிப்பு.”

“நான் சிரிக்கிறேனா, என் மூஞ்சியப் பாருங்க.”

மாலையில் மூன்றாவது பாட்டிலையும் நிரப்பி, மூடியை இறுக்கி, மேசையில் வைத்தார். காலையில் அது கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இரவில் சிலிண்டரில் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்கவில்லை.

இப்போது தினமும் மூன்று பாட்டில் போடுகிறார்கள். கசிவு நின்றுவிட்டது.