பெடலில் இருந்த கால்

"அழுத்தியே வைங்க மச்சான், விட்டுராதீங்க!" கீழேயிருந்து கத்தினான் சலாவுதீன்.

பொக்லைன் இருக்கையில் உட்கார்ந்திருந்த தாவூது பெடலை மிதித்தபடியே இருந்தான்.

பொக்லைன் வந்தால் ஊரே கூடி வேடிக்கை பார்த்த காலம். பொம்மிடி பக்கத்துக் கல்குவாரியில், அதன் வாளியைக் கழற்றிவிட்டுப் பாறை உடைக்கும் பிரேக்கரை மாட்டியிருந்தார்கள். மாட்டிய கொஞ்ச நாளிலேயே அடி சுரத்தில்லாமல் விழ ஆரம்பித்தது. எண்ணெயின் பிரஷரையும் ஓட்டத்தையும் அளந்து பார்க்க முதலாளி சேலத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்.

வந்து இறங்கியவன் சலாவுதீன். தாவூதின் மனைவி அக்தர் பேகத்துக்குத் தாய்மாமன் மகன்.

முறைப்பையன்.

கல்யாணத்தின்போது அவன் வடக்கே ஏதோ அணைக்கட்டு வேலையில் இருந்தான். நேற்றுத்தான் தாவூது அவனை முதன்முதலாகப் பார்த்தான். சொந்தக்காரன் என்பதால் வீட்டில்தான் தங்கவைக்க வேண்டியிருந்தது.

அக்தர் முக்காடுகூடப் போடாமல் அவன் எதிரில் உட்கார்ந்து பரிமாறினாள். அவன் அவளை 'அக்கு' என்றான். அப்படி ஒரு பெயர் அவளுக்கு இருப்பதே தாவூதுக்குத் தெரியாது. பேச்சுவாக்கில் அவன் தட்டிலிருந்த ஈரல் துண்டை எடுத்து அவள் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம். தாவூதின் தட்டுப் பக்கம் அவள் கை ஒருநாளும் நீண்டதில்லை.

என்ன உறவு இது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தன் வயிற்றெரிச்சல் வெளியே தெரிந்துவிடும். தாவூது பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டான்.

இப்போது அதே சலாவுதீன் பிரேக்கர் பக்கத்தில் குந்தி, மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பம்பிலிருந்து எண்ணெய் சரியாகத்தான் கிளம்பியது. பிரஷர் ஏற ஏற, பிரேக்கருக்கு வந்து சேரும் அளவு குறைந்துகொண்டே போனது.

"வழியில எங்கயோ ஒழுகுது" என்று சொல்லி, எண்ணெய் வரும் ரப்பர் ஹோஸ் மேல் கையை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போனான்.

மேலே இருந்த தாவூதுக்கு அது தெரிந்தது. ஹோஸின் வளைவில், வெயிலில் மட்டும் தெரிகிற மாதிரி, தலைமுடி கனத்தில் ஒரு புகை. புகையில்லை, எண்ணெய். அந்த வேகத்தில் வருகிற எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் ஒருவனுக்கு அப்படித்தான் ஆயிற்று. கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

காலை எடுத்தால் போதும், எண்ணெய் அடங்கிவிடும்.

தாவூது காலை எடுக்கவில்லை.

சலாவுதீனின் கை வளைவை நோக்கி நகர்ந்தது. சிவந்த, நீளமான விரல்கள். அந்த விரல்கள் பிசைந்த தட்டு.

இன்னும் ஒரு சாண்.

இன்னும் நாலு விரற்கடை.

கால் பெடலை விட்டு வந்துவிட்டது. அவன்தான் எடுத்தானா, தானாக வந்ததா, அவனுக்கே தெரியவில்லை.

எண்ணெய் அடங்குவதற்குள் விரல் வளைவைத் தொட்டுவிட்டது. சலாவுதீன் கையை உதறினான். ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு ரத்தப் பொட்டு. "சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே விரலைச் சட்டையில் துடைத்தான்.

தாவூது மேலிருந்து குதித்தான். அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜல்லி லாரியை நோக்கி ஓடினான். "ஊசி குத்துனதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா மச்சான்?" என்று வழியெல்லாம் கேட்டபடி வந்தான் சலாவுதீன். தர்மபுரி வந்து சேர்வதற்குள் விரல் வீங்கிக் கறுத்துவிட்டது.

உள்ளங்கைவரை கீறி எண்ணெயை வெளியேற்றினார்கள். ஆள்காட்டி விரலைக் காப்பாற்ற முடியவில்லை. கை தப்பியது.

மறுநாள் அக்தர் வார்டுக்குள் ஓடி வந்தாள். கட்டுப்போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருந்த கிழவி, "யாரு சாமி, உன்ற வூட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க ஆயா, எனக்கு அண்ணன்" என்றாள் அக்தர். "இவனைப் பெத்த அம்மா பிரசவத்துலயே மவுத்தாயிட்டாங்க. எங்கம்மாதான் எங்க ரெண்டு பேருக்கும் பால் குடுத்து வளத்தாங்க. ஒரே பால் குடிச்சா எங்கள்ல கூடப்பிறந்தவங்க மாதிரிங்க. கட்டிக்க முடியாது."

சுவரோரம் நின்றிருந்த தாவூது அதைக் கேட்டான்.

சலாவுதீன் அவனைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "அழாத அக்கு. மச்சான் மட்டும் டக்குனு காலை எடுக்கலைன்னா என் கையே போயிருக்கும்."

அக்தர் எழுந்தாள். வார்டே பார்த்துக்கொண்டிருக்க, தாவூதின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.