நடுவில் கட்டிய கயிறு

“கயித்தை அவுத்தாத்தான் மேடையேறுவேன்னு நான்…”

“போன வருஷமும் இதே கயிறுதான். பாடலியா, பொண்ணே?”

“பொண்ணா? எனக்கு நாப்பத்தாறு வயசு, மிஸ்டர் கிரேடி.”

அரங்கத்துக்காரர் கிரேடி சிரித்தார். கயிற்றுக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால், சுவரோரமாக, பாடகி லூடெல்லாவைப் போன்ற கறுப்பர்கள். இரண்டு பக்கமும் அவள் பாட்டுக்காகத்தான் நிறைந்திருந்தது.

“அதுல கை வச்சுப் பாரு. இந்த மாகாணத்துல ஒரு மேடைகூட உனக்குக் கிடைக்காது. இப்பவே போன் போட்டுச் சொல்லிடுவேன்.”

“என்னைச் சமையக்கட்டு வழியா உள்ள விடுற மேடைதானே. நீங்களே வச்சுக்குங்க.”

அவள் கூட்டத்துக்குள் நடந்து போய் முடிச்சைப் பிடித்தாள். அது இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் ஒருவன் அவள் காலடியில் துப்பினான். கயிறு தரையில் விழுந்தது. கிரேடி தொலைபேசியைக் கையில் எடுத்தார். சுவரோரத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

லூடெல்லா தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள்.

“யாராவது ஒருத்தர் எந்திரிச்சு முன்னால வாங்களேன்.”