மாறிய பைகள்

புது மருந்தொன்றின் ஆய்வு நடந்த விஷ வார்டில் யாருக்கு எந்தப் பை என்பதை இப்போதெல்லாம் இயந்திரமே குலுக்கிப் போட்டு முடிவு செய்தது. பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். பைகள் ஒன்றுபோலவே இருந்ததால் டாக்டருக்குக்கூட வித்தியாசம் தெரியாது.

களைக்கொல்லி டேங்க் உடைந்து நனைந்துபோன எழிலரசு, தன் மனைவி தமயந்தி நர்ஸாக இருந்த அந்த வார்டுக்கே வந்து சேர்ந்தான். பக்கத்துக் கட்டிலில், குளிர்பானம் என்று நினைத்து அதே விஷத்தைக் குடித்துவிட்ட எட்டு வயது மகிழினி கிடந்தாள்.

மூன்றாம் நாள் மகிழினி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். எழிலரசுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது.

"மூச்சு உள்ளயே போவலடி," என்றான்.

குழந்தைதான் தேறிவிட்டாளே என்று தமயந்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மகிழினியின் அம்மா சாப்பாடு வாங்கப் போன நேரத்தில் இரண்டு பைகளையும் மாற்றி மாட்டினாள்.

பைகளின் குறியீட்டைப் படித்த இயந்திரத்தின் திரையில் ஒரு வரி வந்தது: 'விதிமீறல். இருவரும் ஆய்விலிருந்து நீக்கம்.' மாற்றியது யார் என்று அதில் இல்லை. இரண்டு குழாய்களும் ஒருசேர மூடிக்கொண்டன. பைகளைத் திரும்ப மாற்றியும் அவை திறக்கவில்லை. ஆய்வில் இல்லாதவர்களுக்கு அந்த மருந்து எங்கேயும் கிடையாது.

அன்று சாயங்காலமே எழிலரசு இறந்தான். அவன் இறந்த நான்காம் நாள் தமயந்தி வேலைக்குத் திரும்பியபோது மகிழினி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அம்மா ஓடிவந்து தமயந்தியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "புருஷனப் பறிகுடுத்துட்டும் எம்பொண்ணப் பாக்க வந்துட்டீங்களே, தாயி!"