முழு மார்க்

"செருப்பைக் கழட்டிட்டு வாய்யா! இப்பதான் தொடச்சேன்" என்று தனக்கொடி போட்ட சத்தத்தில், அடுப்பை அணைத்துவிட்டு எதிர்வீட்டிலிருந்து ஓடினேன். இதையெல்லாம் பார்க்காமல் விட முடியுமா?

வாசலில் நின்றவர், அரசுக் கட்டடங்களின் பராமரிப்புக்கு மார்க் போட வந்த இன்ஜினியர்.

"ஆபீசர்டி, வாயை மூடு" என்றான் அவள் புருஷன் அரங்கநாதன்.

"ஆபீசர்னா இன்னா, கால்ல சேறு ஒட்டாதா?"

இன்ஜினியர் சிரித்தபடி செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். குழாயில் தண்ணீர் வந்தது. கக்கூஸ் கதவில் தாழ்ப்பாள்கூட இருந்தது.

"வாட்ச்மேன்னா உன்னை மாதிரி இருக்கணும்பா. எப்படி இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கே?"

"சொந்த வூடு மாதிரி பாத்துக்கிறோம் சார்."

ஜன்னலோரம் நின்ற நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

முழு மார்க் போட்டதோடு, வாட்ச்மேனுக்குப் பரிசு கொடுக்கலாம் என்றும் எழுதிவிட்டுப் போனார் அந்தப் புண்ணியவான்.

பரிசு கொடுக்க ஆபீசில் பேரைத் தேடினார்கள். அந்தக் கூடத்துக்கு வாட்ச்மேனே போடவில்லை. திறப்பு விழா நடக்காமல் பூட்டிக் கிடந்த கட்டடம் அது. புயலில் தன் குடிசையின் கூரை பறந்ததும், அரங்கநாதன் பூட்டை உடைத்துக் குடும்பத்தோடு குடிவந்திருந்தான்.

மறுவாரமே காலி செய்யச் சொன்னார்கள். தனக்கொடி அழவில்லை, சண்டையும் போடவில்லை. சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டேரிக்குப்பம் போய்விட்டார்கள்.

மகள் பிரியதர்ஷினியின் கல்யாணம் அங்கே தெருவில் பந்தல் போட்டு நடந்தது. "நம்ம கூடத்தைத்தான் தொறந்துட்டாங்களே, அங்க வெச்சிருக்கலாமே?" என்றேன்.

"உள்ளூர்ல வூடு இருக்கறவங்களுக்குத்தான் குடுப்பாங்களாம்க்கா" என்றாள் தனக்கொடி.